காற்றுக் கணக்கு முதலாளியின் கணக்கு

தராசு முள் ஒரு நூல் சாய்ந்தாலும் நம் கண்ணுக்குத் தப்பாது. ஈரம் பார்க்காமல் பருப்பு வாங்க மாட்டோம். சாக்கு எடை கழிக்காமல் பணம் கொடுக்க மாட்டோம். இவ்வளவு கணக்காக இருக்கிற நம்மிடம், சரக்கைச் சுமந்து போகிற வண்டியின் டயரில் எத்தனை பவுண்டு காற்று இருக்கிறது என்று யாராவது கேட்டால், "அது டிரைவருக்குத் தெரியும்" என்று சொல்லி நகர்ந்து விடுகிறோம். டிரைவரைக் கேட்டால் "பஞ்சர் கடைக்காரர் பார்த்து அடித்தார்" என்பார். பஞ்சர் கடைக்காரர் டயரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "சரியா இருக்கு அண்ணாச்சி" என்பார். ஆக, மூன்று பேர் கையிலும் இல்லாத ஒரு கணக்கு நம் தொழிலில் நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் வணிக அன்பர்களுடன் இந்த இதழில் பேச விரும்புகிறேன்.

ஒரு காலத்தில் பேட்டையிலிருந்து கடைக்குச் சரக்கு மாட்டு வண்டியில் வந்தது. வெளியூர்ச் சரக்கு லாரி ஆபீசில் இறங்கியது. டயரைப் பற்றிய கவலை லாரிக்காரருடையது. 2005-ஆம் ஆண்டில் சிறிய சரக்கு வண்டி வந்தது. நம் மக்கள் அதற்கு 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு நடுத்தரக் கடைகளின் வாசலில்கூடச் சொந்தமாக ஒரு வண்டி நிற்கிறது. வண்டி இல்லாதவர்கள் பண்டிகை நேரத்தில் வீட்டுக் காரின் பின் சீட்டை மடித்துவிட்டு எண்ணெய் டின்னையும் சீனி மூட்டையையும் ஏற்றுகிறார்கள். வண்டி நம்முடையது ஆகிவிட்டது. அதன் டயருக்கு உரிய பொறுப்பை மட்டும் நாம் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.

சுமையைத் தாங்குவது காற்றுதான்

1888-இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்று அடைத்த டயரைச் செய்தார். அன்று முதல் இன்று வரை தத்துவம் ஒன்றுதான். வண்டியின் எடையைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. ரப்பரும் நூலும் கம்பியும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை. பையில் காற்று குறைந்தால் சுமை முழுவதும் டயரின் பக்கச் சுவர் மேல் விழுகிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது அந்தச் சுவர் ஒரு முறை மடங்கி நிமிர்கிறது. ஒரு கிலோமீட்டரில் பல நூறு முறை. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் மடங்கும் இடம் சுடுவது நமக்குத் தெரியும். டயருக்குள் நடப்பதும் அதுவே. சூடு ஏற ஏற ரப்பருக்கும் உள்நூலுக்கும் இருக்கும் பிடிப்பு விட்டுப்போகிறது. ஒரு நாள் நடுச்சாலையில் வெடிக்கிறது. அன்றைக்கு ஆணி ஏதும் குத்தியிருக்க வேண்டியதில்லை.

டயரின் பக்கவாட்டில் அதன் தாங்கும் திறனே எழுதியிருக்கிறது. கார் டயரில் '185/65 ஆர் 15 88 எச்' என்பதுபோல ஒரு வரி இருக்கும். அதில் 88 என்பது சுமைக் குறியீடு. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 82 என்றால் 475 கிலோ, 91 என்றால் 615 கிலோ. சரக்கு வண்டி டயர்களில் 80/78 என்று இரண்டு எண் இருக்கும். முதல் எண் ஒற்றை டயராகப் போடும்போது, இரண்டாவது எண் பின்னால் ஜோடி டயராகப் போடும்போது. இந்தக் கிலோக் கணக்கெல்லாம் உரிய அளவு காற்று இருந்தால் மட்டுமே செல்லும். காற்று குறைந்த டயரில் அந்த எண்ணுக்கு மதிப்பு இல்லை. பணம் இல்லாத கணக்கில் எழுதிய செக்கைப் போலத்தான்.

வண்டியிலேயே எழுதியிருக்கிறது

"எத்தனை பவுண்டு வைக்க வேண்டும்?" என்று பலரும் கேட்கிறார்கள். பொதுவாக ஓர் எண் சொல்ல முடியாது. வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் விடை நம் கையிலேயே இருக்கிறது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு மூடும் தூணில் ஒரு சிறிய ஒட்டுத்தாள் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் டாங்கி மூடியின் உட்புறம் இருக்கும். அங்கும் இல்லாவிட்டால் வண்டியோடு தந்த புத்தகத்தில் இருக்கும். பல கார்களுக்கு அதில் இரண்டு வரிசை கொடுத்திருப்பார்கள். இரண்டு, மூன்று பேர் போகும்போது ஒரு வரிசை. முழுச் சுமை ஏற்றும்போது இன்னொரு வரிசை. முன் டயருக்கும் பின் டயருக்கும் தனித்தனி எண். முழுச் சுமைக்குப் பின் டயரின் எண் மற்றதைவிடக் கூடுதலாக இருக்கும். காரணம் எளியது. ஏற்றும் சரக்கில் பெரும்பகுதி பின் அச்சின் மேல்தான் உட்காருகிறது.

சில ஒட்டுத்தாள்களில் 'பார்' கணக்கில் போட்டிருக்கும். ஒரு பார் என்றால் பதினாலரை பவுண்டு. 2.2 பார் என்றால் சுமார் 32 பவுண்டு. 2.5 என்றால் சுமார் 36. குடும்பத்தோடு ஐந்து பேர் ஏறி, பின்னால் சாமான் நிரப்பித் திருச்செந்தூருக்கோ பழநிக்கோ புறப்படுகிறவர்கள் இந்த இரண்டாவது வரிசையைப் பார்த்தாலே போதும். கடைச் சரக்கைக் காரில் கொண்டுவருவதை நான் ஆதரிக்கவில்லை. சொந்த உபயோகத்துக்கான காரில் வியாபாரச் சரக்கு ஏற்றினால் நாளைக்கு ஒரு விபத்து என்றதும் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்பார். ஆனால் எந்தச் சுமையானாலும், ஏற்றுவதற்கு முன் காற்றைக் கூட்டிக்கொள்வது நல்லது.

இன்னொரு எண்ணில் ஏமாற வேண்டாம். டயரின் பக்கவாட்டிலேயே 'உச்ச அளவு' என்று ஒரு பவுண்டுக் கணக்கு இருக்கும். அது அந்த டயர் தாங்கும் எல்லை. உங்கள் வண்டிக்கு வைக்க வேண்டிய அளவு வேறு. கார்க்காரர்கள் கதவுத் தூணில் இருக்கும் எண்ணையே பின்பற்ற வேண்டும்.

காற்றைப் பார்க்கும் நேரமும் முக்கியம். டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்குள் ஓடியிருக்க வேண்டும். அதிகாலை குடோன் திறக்கும் நேரம்தான் இதற்கு ஏற்ற நேரம். எந்த டயரும் எந்தக் குறையும் இல்லாமலேயே மாதத்துக்கு ஒன்று, இரண்டு பவுண்டு இழக்கும். ஆகவே 'போன மாதம் பார்த்தோமே' என்பது பதில் ஆகாது.

நம்மிடையே உலவும் மூன்று பேச்சுகள்

முதல் பேச்சு: "கோடையில் காற்றைக் குறைத்து வை, இல்லாவிட்டால் டயர் வெடித்துவிடும்." கந்தக பூமி என்று பெயர் வாங்கிய நம் மாவட்டத்தில் இதைக் கேட்காதவர் இல்லை. வெயிலில் காற்று விரிவது உண்மை. கார் டயரில் 30, 35 பவுண்டு இருக்கும்போது வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் சுமார் ஒன்றரை பவுண்டு கூடும். அந்தக் கூடுதலைத் தாங்கும்படிதான் டயரைச் செய்கிறார்கள். காற்றைக் குறைத்தால் என்ன ஆகும்? பக்கச் சுவர் அதிகம் மடங்கும். மடங்கினால் சூடு. வெயிலின் சூட்டோடு மடங்கும் சூடும் சேரும். வெடிக்கக் கூடாது என்று செய்த காரியமே வெடிக்க வழி செய்கிறது.

இதைவிட மோசம், ஓடிவந்த வண்டியை மத்தியானம் நிறுத்திக் காற்றை இறக்குவது. காலையில் 36 வைத்த டயர் ஓடிய சூட்டில் 41 காட்டலாம். டிரைவர் பயந்துபோய் 36-க்கு இறக்கினால், இரவு குளிர்ந்ததும் அந்த டயரில் 31 இருக்கும். மறுநாள் அதே டயரின் மேல் முழு லோடு ஏறும்.

இரண்டாவது பேச்சு: "கூடக் காற்று அடித்துவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம்." இதுதான் வியாபாரிகளாகிய நம்மை அதிகம் மயக்குவது. காற்று, டயரின் திறனை முழுமையாகப் பயன்படுத்த உதவும். புதிய திறனை உண்டாக்காது. டயரே தாங்கினாலும் அச்சும் பட்டையும் பிரேக்கும் தாங்க வேண்டாமா? ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். மொத்த எடை என்றும் காலி எடை என்றும் இரண்டு எண் இருக்கும். உதாரணமாக மொத்த எடை 1,550, காலி எடை 820 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 730 கிலோ. டிரைவரும் லோடுமேனும் சேர்ந்து 130 என்றால் மீதி 600. அதாவது 50 கிலோ சீனி மூட்டை 12. அதோடு கணக்கு முடிந்தது. நாம் 20 மூட்டை ஏற்றிவிட்டு 'இன்னும் இடம் இருக்கே' என்கிறோம். 400 கிலோ கூடுதல். இடம் இருப்பது வேறு, எடை தாங்குவது வேறு. இந்த வித்தியாசம் வற்றல் மூட்டைக்கும் சீனி மூட்டைக்கும் விலை போடுகிற நமக்குத் தெரியாததா?

சட்டமும் இதில் கடுமையாகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, கூடுதல் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மிகுதிச் சரக்கை இறக்கும் செலவும் நம்முடையது. இரண்டு நடைக்குப் பதில் ஒரு நடையில் மிச்சம் பிடித்த டீசல் காசு இதில் எத்தனை மாதத்துக்குக் காணும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது பேச்சு: "நைட்ரஜன் அடித்துவிட்டேன், இனி பார்க்க வேண்டியதில்லை." நாம் மூச்சு விடும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். தனி நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும். அவ்வளவே. சுமைக்குத் தக்கபடி அளவு வைப்பதும், மாதாமாதம் பார்ப்பதும் அதற்கும் பொருந்தும்.

அமெரிக்காவில் நடந்தது

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் பயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பாலானவை போர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற பெரிய வண்டியில் ஓடியவை. ஓடும்போதே டயரின் மேல்பட்டை உரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. 250-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். டயர் செய்த விதத்தில் குறையா, வண்டியின் அமைப்பில் குறையா என்று இரண்டு நிறுவனங்களும் மாறி மாறிக் குற்றம் சாட்டின. அந்த வழக்கில் பெரிதாகப் பேசப்பட்ட ஒன்று காற்று அளவு. வண்டிக் கம்பெனி 26 பவுண்டு என்று சொல்லியிருந்தது. டயர் கம்பெனி 30 வேண்டும் என்றது. நாலு பவுண்டு வித்தியாசம். வெயில் காலம், வேகம், சுமை மூன்றும் சேர்ந்தபோது அந்த நாலு பவுண்டுக்கு எவ்வளவு பேச்சு எழுந்தது பாருங்கள். அந்த ஆண்டே அங்கே புதுச் சட்டம் போட்டார்கள். காற்று குறைந்தால் டிரைவருக்கு விளக்கு எரிந்து காட்டும் கருவி, 2007 செப்டம்பரிலிருந்து அங்கே விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம் ஆனது. நம் டிரைவர்கள் இறக்கிவிடும் காற்று சாதாரணமாகவே நாலு பவுண்டுக்கு மேல்.

டயர் விலையைச் சம்பளத்தில் பிடிப்பது நியாயமா?

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம்மில் சில கடைகளில், டயர் வெடித்தாலோ சீக்கிரம் தேய்ந்தாலோ டிரைவரின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடிக்கும் வழக்கம் இருக்கிறது. 'அப்போதுதான் பொறுப்பாக ஓட்டுவான்' என்று காரணம் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு கடையின் வண்டி, ஒரு சித்திரை மாதத்து மத்தியானத்தில் வெளியூர்ச் சாலையில் பின் டயர் வெடித்துச் சாய்ந்தது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த லோடுமேன் கீழே விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. அந்த முதலாளி இரக்கம் இல்லாதவர் அல்லர். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் அவரே ஏற்றார். ஆனால் டயரின் விலையில் பாதியை டிரைவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார். கிழிந்த டயரை நான் பார்த்தேன். நடுப்பட்டையில் பூ அப்படியே இருந்தது. இரண்டு ஓரமும் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. பல மாதமாகக் காற்று குறைவாக, சுமை அதிகமாக ஓடிய டயரின் அடையாளம் அது. காற்று அதிகமாக ஓடிய டயர் நடுவில் தேயும். அன்றைய லோடுச் சிட்டையையும் பார்த்தேன். நாலு கடைச் சரக்கு ஒரே நடையில் ஏறியிருந்தது. 'இது கூடாது' என்று டிரைவர் சொன்னாராம். 'பார்த்துப் போ' என்று கணக்குப்பிள்ளை பதில் சொன்னாராம்.

எத்தனை மூட்டை ஏற்றுவது என்று முடிவு செய்வது யார்? நாமும் நம் கணக்குப்பிள்ளையும். எந்த நேரத்தில் புறப்பட வேண்டும் என்று விரட்டுவது யார்? நாம். தேய்ந்த டயரை 'இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்' என்பது யார்? அதுவும் நாம். டிரைவர் கையில் காற்று அளக்கும் கேஜ் ஒன்றுகூட நாம் வாங்கிக் கொடுத்ததில்லை. தராசைக் கொடுக்காமல் எடை குறைந்தது என்று பையனைக் கண்டிக்கும் கடைக்காரரை நாலு பேர் என்ன சொல்வார்கள்? முடிவு யாருடையதோ நஷ்டமும் அவருடையதுதான். வியாபாரத்தில் நாம் காலம்காலமாக மதித்துவரும் நியாயம் இது. டயருக்கு மட்டும் அதை மாற்றக் கூடாது.

லாபக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாலு டயரிலும் சராசரியாக ஒரு பவுண்டு குறைந்தால் எரிபொருள் நூற்றுக்கு 0.2 பங்கு கூடுதலாகச் செலவாகும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கணக்குச் சொல்கிறது. எட்டுப் பவுண்டு குறைவாக ஓடினால் நூற்றுக்கு 1.6. மாதம் 15,000 ரூபாய்க்கு டீசல் போடும் வண்டியில் 240 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். டயர் முன்கூட்டியே தேய்வதில்தான் பெரிய நஷ்டம். எலும்பு முறிந்த தொழிலாளியின் நஷ்டத்துக்கு நம் பேரேட்டில் பத்தியே கிடையாது.

செய்ய வேண்டியவை

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கேஜ் வாங்கி வைப்போம். சில நூறு ரூபாய்தான் ஆகும். வண்டிக்கு உரிய அளவை முன், பின் என்று பெரிய எழுத்தில் எழுதி டிரைவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுவோம். வாரம் ஒரு நாள், வண்டி புறப்படும் முன், ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரையும் பார்த்து ஒரு நோட்டில் குறிக்கச் சொல்வோம். ஒரே டயர் திரும்பத் திரும்பக் குறைந்தால் கசிவு இருக்கிறது என்று அந்த நோட்டே காட்டிக் கொடுக்கும். வால்வு மூடி தொலைந்திருந்தால் அன்றே புதிது போடச் சொல்வோம்.

லோடுச் சிட்டையில் மூட்டை எண்ணிக்கையோடு மொத்தக் கிலோவையும் எழுதுவோம். கனமான மூட்டைகள் பின் அச்சுக்குச் சற்று முன்னால், தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். பின் கதவு ஓரத்தில் கனத்தைக் குவித்தால் முன் சக்கரத்தின் பிடி தளரும். மூட்டைகளின் மேல் ஆளை ஏற்றும் பழக்கத்தை அறவே நிறுத்துவோம். சரக்கு இறக்கிவிட்டு அன்றே திரும்பும் வண்டியில் வழியில் காற்றை இறக்க வேண்டியதில்லை. கார் பல நாள் காலியாகவே ஓடப்போகிறது என்றால் மட்டும், குளிர்ந்த பிறகு பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். காலி வண்டியில் காற்று மிகுந்தால் சாலைப் பிடிப்பும் குறையும், மழையில் பிரேக் பிடிப்பதும் சிரமம்.

நம் சங்க நிர்வாகக் குழுவுக்கு இரண்டு வேண்டுகோள். சங்கக் கட்டிட வாசலில், நம்பகமான அளவுமானியோடு ஒரு காற்று அடிக்கும் இயந்திரம் வைத்து, அங்கத்தினர்களின் வண்டிகளுக்கு அதிகாலையில் இலவசமாகப் பயன்படச் செய்ய வேண்டும். டயர் விலையை டிரைவர் சம்பளத்தில் பிடிப்பதில்லை என்று அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதை எதிர்ப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் வாதத்தையும் இதே பக்கத்தில் எழுதட்டும், படிக்கக் காத்திருக்கிறேன்.

நாளைக் காலையில் கடை திறந்ததும், வண்டிக் கதவைத் திறந்து அந்த ஒட்டுத்தாளை ஒரு முறை படித்துப் பாருங்கள். பிறகு உங்கள் டிரைவரிடம், "பின் டயரில் எவ்வளவு இருக்கிறது தம்பி?" என்று கேளுங்கள். அவர் எண்ணைச் சொன்னால் பாராட்டுங்கள். தெரியாது என்றால் கோபிக்க வேண்டாம். அளக்கிற கருவியை முதலில் அவர் கையில் கொடுங்கள்.

– மளிகை மொத்த வியாபாரி ஒருவர், விருதுநகர்